கஜபதி ஐயாவின் நெற்றி

இதை நான் சரியான வரிசையில்தான் நினைவு வைத்திருக்கிறேனா என்பது சந்தேகம். முதலில் நிறுத்தியது மின்விசிறியையா, ஹேமாவதியின் கொலுசையா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. சம்பத் அன்றைக்கு வேட்டி கட்டிக்கொண்டு வந்ததாக ஞாபகம், பேன்ட்டாகவும் இருந்திருக்கலாம். ஆனால் அந்தச் சிவப்புப் புள்ளி கடைசியில் எங்கே போய் உட்கார்ந்தது என்பதில் மட்டும் தடுமாற்றமில்லை. அதைப் பார்த்தவர்கள் நிறையப் பேர். இன்னும் பார்த்துக்கொண்டும் இருக்கிறார்கள்.

ராகவனுக்கு அந்த அறை பிடித்துப்போனதற்குக் காரணம் அதில் ஜன்னல் இல்லாததுதான். அம்பத்தூர் எஸ்டேட்டில், ஜெயராமனின் பட்டறைக்குப் பின்பக்கம், ஒரு காலத்தில் துருப்பிடித்த சாமான்களைப் போட்டுவைத்திருந்த இடம். அதைக் காலிசெய்து வெள்ளையடித்து, கதவு விளிம்பில் ரப்பர் ஒட்டி, அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் அறையாக மாற்றியிருந்தார்கள். சுற்றுவட்டாரப் பட்டறைக்காரர்கள் தங்கள் கருவிகளைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அவை உண்மை சொல்கின்றனவா, பொய் சொல்கின்றனவா என்று ராகவன் பார்த்துச் சொல்வான். கருவிகளோடு பேச வேண்டியதில்லை. அது அவனுக்கு வசதியாக இருந்தது.

வீட்டில் அந்த வசதி கிடையாது. ஐயப்பன்தாங்கல் பஸ் டிப்போவை ஒட்டிய குடியிருப்பில் இரண்டாம் மாடி. விடிவதற்கு முன்பே வண்டிகள் உறுமத் தொடங்கிவிடும். மாலையில் அவன் மனைவி அகல்யா கூடத்தில் பிள்ளைகளுக்கு அபாகஸ் சொல்லிக்கொடுப்பாள். மணிகளைத் தள்ளும் சத்தமும், கூட்டிக் கழித்து விடையைக் கத்தும் சத்தமும் சமையலறை வரைக்கும் துரத்தும். ராகவன் வாழ்க்கையில் படித்து முடித்த புத்தகங்களில் பெரும்பாலானவை அந்த ஜன்னலில்லாத அறையில், மதியச் சாப்பாட்டு வேளையில் முடித்தவை. ஒரு பக்கம் படித்துவிட்டு அரைமணி நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பான். யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

அந்த நிம்மதிக்கு ஒரு லேசரால் ஆபத்து வந்தது.

மூடிப்போன ஒரு கல்லூரியின் சாமான்களை ஏலம் விட்டபோது ஜெயராமன் வாங்கிப் போட்ட ஹீலியம்-நியான் லேசர் அது. ஒரு முழ நீளத்தில் கண்ணாடிக் குழாய். உள்ளே இரண்டு வாயுக்கள். இரண்டு முனையிலும் குட்டிக் கண்ணாடிகள். மின்சாரம் கொடுத்தால் ஒரு முனையிலிருந்து நூல் பிடித்ததுபோல் சிவப்பு ஒளி புறப்படும். கருங்கல் மேசையைக் கடந்துபோய் எதிர்முனையில் நிற்கும் மீட்டரின் முகத்தில் விழும். ஒளி எவ்வளவு பலமாக இருக்கிறது என்று மீட்டர் அளந்து, கம்ப்யூட்டர் திரையில் கோடு போடும். ஒளி ஒரே சீராக இருந்தால் கோடு நேராக ஓடும்.

கோடு நேராக ஓடவில்லை. காய்ச்சல்காரன் கையெழுத்துபோல ஓடியது.

“அடுத்த வாரம் அங்கீகாரம் குடுக்குற ஆபீஸ்லேந்து ஆளு வராரு,” என்றார் ஜெயராமன். “கோடு நேரா ஓடுச்சுன்னா வாசல்ல பெரிய போர்டா மாட்டுவோம். ஆடுச்சுன்னா இந்த ரூம சேல்ஸுக்குக் குடுத்துருவேன்.”

“நான்?”

“நீ முன்னாடி வந்து உக்காந்துக்கோ. போன் எடு. கஸ்டமர் கைல நாலு வார்த்த சிரிச்சிப் பேசு. வாய் கீது இல்ல?”

வாய் இருந்தது. நாள் முழுக்க அதைத் திறந்துவைத்திருக்க ராகவனால் ஆகாது. அன்று மதியம் அவன் புத்தகத்தைத் திறக்கவே இல்லை.

முதல் காரணம் எளிதாக அகப்பட்டது. குழாய் சூடாகும்போது அணுவளவு நீளும். அது நீள நீள, ஒளி மூச்சு வாங்குவதுபோல ஏறி இறங்கும். போகப்போக மூச்சு நிதானப்படும். அதனால் காலையில் வந்ததும் லேசரைப் போட்டுவிட்டு நெடுநேரம் காத்திருக்க வேண்டும்.

“எங்க மருமவன் மாதிரி,” என்றார் ஜெயராமன். “எழுந்து ஒரு மணி நேரம் ஆவணும், அப்பதான் மனுசனாவான்.”

மூச்சு நின்றது, நடுக்கம் நிற்கவில்லை. பட்டறையில் வெல்டிங் வைக்கும்போதெல்லாம் மின்சாரம் துள்ளுகிறது என்று லேசருக்குத் தனியாக பேட்டரி வைத்தார்கள். நடுக்கம் நிற்கவில்லை. பக்கத்துப் பட்டறை சம்பத்துடையது. அங்கே இரண்டு பவர் பிரஸ்கள் நாளெல்லாம் தகடுகளைக் குத்திக்கொண்டிருக்கும். ஒவ்வொரு குத்துக்கும் ராகவனின் தேநீரில் வளையம் வரும். மேசைக்கு அடியில் ஆட்டோ டயர் டியூப்களில் காற்றடித்து வைத்தால் அதிர்வு மேலே ஏறாது என்று ராகவன் சொன்னான். டியூப்களைச் சம்பத்தே கொண்டுவந்தார்.

“ஆட்டோவுக்கு டியூப் பாத்துக்கிறேன், லாரிக்குப் பாத்துக்கிறேன். லைட்டுக்கு டியூப் மாட்டி இப்பதான் நைனா பாக்குறேன்,” என்றார்.

நடுக்கம் நிற்கவில்லை.

அதன்பிறகுதான் ராகவன் மெல்லமெல்ல அந்தக் கட்டடத்தையே அடக்கத் தொடங்கினான். காற்று அசைந்தால் ஒளி அசையும் என்று மின்விசிறியும் ஏசியும் நின்றன. செருப்பு கூடாது என்றான். ஆபீஸைப் பார்த்துக்கொள்ளும் ஹேமாவதி கொலுசைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். டெலிபோன் மணி துணி சுற்றி அடைக்கப்பட்டது. லாரியிலிருந்து இரும்புக் கம்பிகளை, தூங்கும் பிள்ளையைத் தொட்டிலிலிருந்து எடுப்பதுபோல இறக்கினார்கள். லேத்துக்காரர்கள் சைகையில் பேசிக்கொண்டார்கள். சம்பத்கூட, ஜெயராமனின் அப்பா கஜபதி ஐயா தனக்குத் தொழில் கொடுத்தவர் என்ற மரியாதைக்காக, ராகவன் அளக்கும் வேளைகளில் பிரஸ்ஸை நிறுத்திவைத்தார்.

கரையான்சாவடியிலிருந்து வழக்கமாக வரும் ஒரு வாடிக்கையாளர் வாசல்வரை வந்தார். எல்லோரும் வெறுங்காலுடன் நிற்பதையும், குசுகுசுவென்று பேசுவதையும், டெலிபோன் துணி சுற்றிக் கிடப்பதையும் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போய் ஒரு ரோஜா மாலையுடன் வந்தார். யாருக்கு என்று ஜெயராமன் தாழ்ந்த குரலில் கேட்க, அவர் இன்னும் தாழ்ந்த குரலில், “அத நீங்கதான் சொல்லணும்,” என்றார். கொண்டுவந்த மாலையைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று ஜெயராமன் அதை வாங்கி முன்னறையிலிருந்த அப்பாவின் படத்துக்குப் போட்டார். படத்துக்கு மாலை போட்டதும் வாடிக்கையாளருக்கு அழுகை வந்துவிட்டது. கஜபதி ஐயா காலமாகிப் பத்து வருஷத்துக்கு மேலாகிறது என்பதை அவரிடம் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

அப்படி ஒரு அமைதி அம்பத்தூரில் அதற்குமுன் இருந்திருக்காது. ராகவன் கதவைச் சாத்திக்கொண்டு மேசைமுன் உட்கார்ந்தான். தன் மூச்சைத் தவிர எதுவும் கேட்கவில்லை. பிறகு மூச்சுக்குள்ளே தன் யோசனைகள் கேட்கத் தொடங்கின. ஒவ்வொன்றும் போய்ச் சுவரில் முட்டிவிட்டு அவனிடமே திரும்பி வந்து, முன்பைவிடப் பெரிதானது. திரையில் கோடு நடுங்கிக்கொண்டேயிருந்தது.

“நான் சொன்னா கேக்க மாட்டீங்க சார்,” என்றாள் ஹேமாவதி, கதவை ஒரு விரல் அகலம் திறந்து. “லேத்துக்குப் பொட்டு வெச்சிக்கிறேன். டிரில்லிங் மிஷினுக்கு வெச்சிக்கிறேன். தண்ணி மோட்டருக்குக்கூட வெச்சிக்கிறேன். உங்க லைட்ட மட்டும் மூளியா வெச்சிகினு கீறீங்க. அது நடுங்காம இன்னா பண்ணும்?”

“அதைத் தொடக் கூடாதும்மா.”

“தொடாம எப்படி சார் வெக்கிறது பொட்டு?”

ராகவன் கதவைச் சாத்திக்கொண்டான். தொடக் கூடாது என்பதில் அவன் பிடிவாதமாக இருந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அவன் அச்சும் கருவியும் செய்யும் டூல்ரூமில் தொழில் கற்றவன். பயிற்சிக் காலத்தில் அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததெல்லாம் ஒன்றுதான்: எதை நிறுத்தினாலும் மட்டம் பார்த்து, மூலை பார்த்து, பிசகில்லாமல் செங்குத்தாக நிறுத்து. அதன்படிதான் லேசருக்கு எதிரே மீட்டரையும் நிறுத்தியிருந்தான். மீட்டரின் முகம் கண்ணாடி. அதில் விழும் ஒளியில் ஒரு பங்கு மங்கலான புள்ளியாகத் திரும்பி வரும். அந்தப் புள்ளி, புறப்பட்ட துளைக்குள்ளேயே போய் மறைய வேண்டும். மறைந்தால் இரண்டும் தலைமுடி பிசகாமல் நேருக்கு நேர் நிற்கின்றன என்று பொருள். ராகவன் தினமும் காலையில் திருகாணியைத் திருகித் திருகி அந்தப் புள்ளியைத் துளைக்குள் அனுப்பிவைப்பான். அது மறையும் கணத்தில் அவனுக்கு ஒரு சின்ன சந்தோஷம் வரும். இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

ஆள் வரும் தேதி, ஆயுத பூஜைக்கு முதல்நாளில் அமைந்துவிட்டது. மறுநாள் விடுமுறை என்பதால் பட்டறைகளில் அன்றைக்குத்தான் பூஜை. சாயங்காலம் செய்ய வேண்டியதை ஜெயராமன் பயத்தில் காலைக்கு மாற்றினார்.

“ஆளு வர்றதுக்குள்ள முடிச்சிடணும். அந்த ரூம்ல அப்பா படத்த வெச்சி ஆரம்பி,” என்றார் ஹேமாவதியிடம்.

“உள்ளே வேண்டாம் சார்,” என்றான் ராகவன்.

“உள்ளதாண்டா தேவ. அங்கதான நடுங்குது?”

கஜபதி ஐயாவின் படம் மாலையோடு வந்தது. லேசர் குழாய்க்குப் பின்னால் ஸ்டூல் போட்டு, சுவரில் சாய்த்து, குழாய்க்கு ஒரு சாண் மேலே முகம் தெரியும்படி நிறுத்தினார்கள். பின்னாலேயே பொரி, பூசணி, வாழைக்கன்று, சாம்பிராணி, பட்டறை ஆட்கள் எல்லோரும் வந்தார்கள். சம்பத்தும் வந்தார், பிரஸ்ஸை நிறுத்தச் சொல்லிவிட்டு வர மறந்துவிட்டார். இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தவர்கள் பூஜை என்றதும் பேசத் தொடங்கினார்கள். செருப்பை மட்டும் வாசலில் விட்டிருந்தார்கள்.

ஹேமாவதி கொலுசைத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தாள். சந்தனக் கிண்ணத்தோடு படத்தருகே போய் ஐயாவின் நெற்றியில் அகலமாக ஒரு பொட்டு வைத்தாள். அடுத்து லேசர் குழாயை நோக்கிக் கையை நீட்டினாள். ராகவன் குறுக்கே போய் நின்றான்.

“சூடும்மா. கை சுட்டுடும்.”

“ஏன் சார், தோசக்கல்லயே தொடுறேன்,” என்றாள். ஆனாலும் விலகி, மேசையைச் சுற்றிக்கொண்டு மறுமுனைக்குப் போனாள். அவன் வந்து சேர்வதற்குள் மீட்டரின் தலையில் கட்டைவிரலால் சந்தனத்தை அழுத்தி வைத்துவிட்டாள். எத்தனையோ வருஷமாக லேத்துக்கும் லாரிக்கும் பொட்டு வைத்துப் பழகிய விரல் அது. மீட்டரின் தலை மெதுவாகப் பின்னால் சாய்ந்தது.

ராகவனுக்குக் கண் இருண்டது. தலைமுடி பிசகாமல் வைத்திருந்தது, பொழுது விடிந்ததும் விடியாததுமாக வந்து வைத்திருந்தது. திருகாணியைத் தேடிக் கையை நீட்டினான். அப்போது வாசலில், “உள்ளே வரலாமா?” என்று ஒரு குரல் கேட்டது.

வந்தவர் ஜஸ்டின். நாகர்கோவில் பக்கத்துக்காரர், சன்னமான மனிதர், பரிசோதிக்க வந்தவர். சாம்பிராணிப் புகையில் இரண்டு முறை இருமினார்.

“பூஜையா? நடக்கட்டும். நான் அளவை மட்டும் பார்த்திட்டுப் போயிருவேன். லேசர் போட்டு எவ்வளவு நேரமாச்சு?”

“காலைலேந்து ஓடுது,” என்றான் ராகவன். நேராக்குவதற்கு இனி நேரமில்லை. முன்னறையின் டெலிபோன் கண்முன் வந்து நின்றது.

ஜஸ்டின் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். கூட்டம் வெளியே போகவில்லை. போகச் சொல்லவும் யாருக்கும் தோன்றவில்லை. பக்கத்துச் சுவருக்கு அப்பால் பிரஸ் குத்திக்கொண்டிருந்தது. யாரோ பொரி மென்றார்கள். திரையில் கோடு தொடங்கியது, நகர்ந்தது, நேராக ஓடியது.

ராகவன் அதைத் தன் கண்ணின் கோளாறு என்று நினைத்தான். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டான். ரூல் வைத்து இழுத்ததுபோல ஓடிக்கொண்டிருந்தது. பிரஸ் குத்தியது, சம்பத் தும்மினார், ஹேமாவதி கொலுசு குலுங்க நடந்தாள். கோடு அசையவில்லை.

“அண்ணாத்தே,” என்றார் சம்பத் தணிந்த குரலில், ஜெயராமனின் தோளைத் தொட்டு. “ஐயா நெத்தியப் பாரு.”

எல்லோரும் பார்த்தார்கள். ஹேமாவதி வைத்த சந்தனத்தின் நட்டநடுவில், புருவங்களுக்கு மத்தியில், குங்குமம் வைத்ததுபோலச் சிவப்பாக ஒரு புள்ளி. வைத்த குங்குமம் இல்லை; குங்குமப் பொட்டலம் இன்னும் பிரிக்காமல் தட்டில் கிடந்தது. அந்தப் புள்ளி உள்ளிருந்து ஒளிர்ந்துகொண்டிருந்தது.

ஜெயராமன் கை கூப்பினார். “அப்பா வந்துட்டாரு,” என்றார். பட்டறை முழுக்கக் கை கூப்பியது.

ராகவன் புள்ளியைப் பார்த்தான். புள்ளியிலிருந்து மீட்டரைப் பார்த்தான். சாய்ந்த தலையைப் பார்த்தான். அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. லேசரோடு வந்த கிழிந்த கையேட்டில் எங்கோ ஒரு மூலையில் படித்தது: ஒளி தான் புறப்பட்ட குழாய்க்குள்ளேயே திரும்பி நுழைந்தால், உள்ளே பிறக்கும் ஒளியைக் குழப்பும், எதிரே நிற்பதைக் கொஞ்சம் சாய்த்து வை. படித்தான், மட்டம் பிசகாமல் நிறுத்துவது எப்படித் தவறாகும் என்று தாண்டிப்போய்விட்டான். பிரஸ்ஸும் இல்லை, வெல்டிங்கும் இல்லை, கொலுசும் இல்லை. தினமும் காலையில் அவன் சந்தோஷமாகத் துளைக்குள் அனுப்பிவைத்த அந்தப் புள்ளிதான் நோய். இப்போது அது துளைக்குத் திரும்பவில்லை. ஒரு சாண் மேலே, ஐயாவின் நெற்றிக்குப் போய்விட்டது.

“இவ்வளவு ஆட்கள், இவ்வளவு அதிர்வு,” என்றார் ஜஸ்டின், திரையிலிருந்து திரும்பி. “பெரிய பெரிய லேப்ல கூட இப்படி நிக்காது. என்ன செய்தீங்க?”

அறை அவனையே பார்த்தது. சொல்வதென்றால் முதலிலிருந்து சொல்ல வேண்டும். செருப்பைக் கழற்றச் சொன்னது வீண், பிரஸ்ஸை நிறுத்தச் சொன்னது வீண், டெலிபோனுக்குத் துணி சுற்றியது வீண் என்று சொல்ல வேண்டும். வந்திருப்பது அப்பா இல்லை, மீட்டர் கண்ணாடியில் பட்டுத் தெறித்த ஒளி என்று, கை கூப்பி அழுதுகொண்டிருக்கும் ஒரு மனிதரிடம் சொல்ல வேண்டும். அவ்வளவு வார்த்தைகள் அவனிடம் ஒரு மாதத்துக்கே சேராது.

“ஒண்ணும் செய்யலை சார்,” என்றான்.

“அடக்கமான புள்ள,” என்றார் ஜெயராமன், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “எல்லாம் எங்கப்பா பாத்துக்கினாரு.”

ஜஸ்டின் மீட்டரைப் பார்த்தார். பிறகு படத்தைப் பார்த்தார். பிறகு ராகவனைச் சற்று அதிக நேரம் பார்த்தார். போகும்போது ஒரு கை பொரியை வாங்கிக்கொண்டு, கதவருகே அவன் பக்கம் குனிந்து, “அதைத் திரும்ப நேராக்கிராதீங்க,” என்று மட்டும் சொன்னார்.

வாசலில் பெரிய போர்டு மாட்டினார்கள். அறையும் பறிபோகவில்லை. ராகவன் அடுத்த வேலைநாளில் புத்தகத்தோடு உள்ளே போனான். அங்கே ஹேமாவதியின் மேசை போடப்பட்டிருந்தது.

“ஐயாவத் தனியா உட்டுட்டு நான் எப்படி சார் முன்னாடி குந்திகினு கீறது?” என்றாள்.

அவளோடு டெலிபோனும் வந்திருந்தது. ஐயா முன்னால் பேசினால் ஆர்டர் கைகூடுகிறது என்று சேல்ஸ் ஆட்களும் ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். வெள்ளிக்கிழமைகளில் பக்கத்துப் பட்டறைகளிலிருந்து ஆள் வந்தார்கள். சென்னீர்குப்பத்திலிருந்து ஒருவர் புது வண்டிச் சாவியைக் கொண்டுவந்து படத்தடியில் வைத்தார். சம்பத் தன் பிரஸ்ஸில் மாட்டும் புது டையை, தகடு குத்தும் அச்சை, துணியில் சுற்றித் தூக்கிவந்தார். ஹேமாவதி கற்பூரம் ஏற்றும்போது டெலிபோன் அடித்தால் ராகவன்தான் எடுக்க வேண்டும்.

ஒருநாள் யாரும் வருமுன் வந்து, மீட்டரின் தலையை இன்னும் ஒரு பொட்டுச் சாய்த்துப் பார்த்தான். இப்படிச் சாய்ந்தாலும் சீராகத்தான் ஓடும். புள்ளி மட்டும் வெறும் சுவருக்குப் போய்விடும், கூட்டம் கலைந்துவிடும் என்பது அவன் கணக்கு. அவன் எண்ணியதைவிடத் திருகாணி கெட்டி. புள்ளி நெற்றியிலிருந்து மேலே ஏறிச் சட்டத்தைத் தாண்டுவதற்குப் பதில் பக்கவாட்டில் சறுக்கி, ஐயாவின் இடது கண்ணில் நின்றது. அந்த நேரம் பார்த்து ஹேமாவதி உள்ளே வந்தாள்.

“ஐயோ, ஐயா கண்ணு செவந்துட்டாரு,” என்றாள். கையிலிருந்த டிபன்பாக்ஸை அப்படியே தரையில் வைத்தாள். “யார் மேல சார் கோவம்?”

ஜெயராமன் வருவதற்குள் ராகவன் திருகாணியைத் திருகித் திருகிப் புள்ளியை நெற்றிக்குக் கொண்டுசேர்த்தான். அதன்பின் மேசையைச் சுற்றிக் கயிறு கட்டிவிட்டார்கள். உள்ளே போகும் உரிமை அவனுக்கு மட்டும்தான். ஆனால் எதையும் தொடக் கூடாது.

நேராக்கிவிடலாம் என்று சில மதியங்களில் யோசித்தான். புள்ளி துளைக்குள் மறையும். கூட்டம் போகும், டெலிபோன் போகும், அமைதி திரும்பும். கோடு நடுங்கும். அடுத்த பரிசோதனையில் அங்கீகாரம் போகும், அறை சேல்ஸுக்குப் போகும், அவன் டெலிபோனுக்குப் போவான். எந்தப் பக்கமிருந்து யோசித்தாலும் யோசனை புறப்பட்ட இடத்துக்கே வந்தது. அதனால் யோசிப்பதை விட்டுவிட்டான்.

ஜெயராமன் ஆவடியில் இரண்டாவது பட்டறை திறந்திருக்கிறார். ஹேமாவதிக்குச் சம்பளம் உயர்ந்தது. வெள்ளிக்கிழமைகளில் மட்டும் ஆபீஸ் வேலை பார்ப்பதில்லை. ஜஸ்டின் கோயம்புத்தூருக்கு மாற்றலாகிப் போனார். கரையான்சாவடி வாடிக்கையாளர் வருஷா வருஷம் அதே தேதியில் மாலையோடு வருகிறார். அகல்யாவின் வகுப்பில் பிள்ளைகள் அதிகமாகிவிட்டார்கள். லேசர் குழாயில் ஒளி கொஞ்சம் மங்கியிருக்கிறது, ஆனால் சீராக எரிகிறது. ராகவன் மதியச் சாப்பாட்டு வேளையில் சம்பத்தின் பட்டறைக்குப் போய், இரண்டு பிரஸ்களுக்கும் நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து படிக்கிறான். அவை ஓடும்போது அங்கே யாரும் யாரோடும் பேச முடியாது.